நாற்பது நாள் நகம்

வாடிக்கைக்காரியின் சுண்டுவிரலைப் பிடித்து அரத்தை இரண்டு இழுப்பு இழுப்பதற்குள் வேலாயியின் உதடு அசையத் தொடங்கிவிடும். மோதிர விரலுக்கு வரும்போது முணுமுணுப்பு. நடுவிரலுக்கு வந்துவிட்டால் எதிரில் இருப்பவருக்கே கேட்கும். நகத்துக்கு எத்தனை பாகம், கருவிகளை எத்தனை நிமிடம் மருந்துத் தண்ணீரில் போட வேண்டும், கை துடைக்கும் துவாய் ஒன்றை எத்தனை பேருக்குப் பாவிக்கலாம் என்று கேள்வியும் அவளே, பதிலும் அவளே. எல்லாம் சிங்களத்தில். ஒருநாள் வயதான சிங்கள அம்மா ஒருவர், பிக்கு ஓதுவதுபோலக் கேட்டதால் பயந்துபோய், "பிரித் ஓதுகிறாயா நங்கி?" என்று கேட்டுவிட்டார். பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று வேலாயி சொன்னதும் அவருக்கு இன்னும் பயம் வந்துவிட்டது. இத்தனை நாள் படிக்காதவளிடமா கையைக் கொடுத்தோம் என்று நினைத்திருப்பார்.

படிக்காதவள்தான். வத்தேகமவுக்கு மேலே தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசைக் காம்பராக்களில் ஒன்றில் பிறந்து, எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டவள். ஆனால் கண்டி மார்க்கட்டுக்குப் பின்னால், செருப்புக்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் அந்தச் சலூனில் பதினான்கு வருடமாக நகம் என்று வந்தால் அவள்தான். முடிக்கு வேறு ஆள், முகத்துக்கு வேறு ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள். கல்யாணப் பெண்ணுக்கு நகம் வைக்க வேண்டுமென்றால் மாத்தளையிலிருந்தும் கம்பளையிலிருந்தும் இவளைத் தேடித்தான் வருவார்கள். தேடி வந்து, "டிலானி இருக்கிறாவா?" என்று கேட்பார்கள்.

டிலானி என்பது சலூன் வைத்த பெயர். சலூனின் சொந்தக்காரி பிரியாந்தினி யாழ்ப்பாணத்துக்காரி. கண்டிக்கு வந்து முப்பது வருடமாகியும் பேச்சில் ஓர் எழுத்தை விட்டுக்கொடுக்காதவர். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே வேலாயியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வேலாயி எண்டு நான் கூப்பிட்டா கஸ்டமர் எழும்பி ஓடிப்போயிடும். டிலானி எண்டு வைப்பம். வடிவாயிருக்கும், என்ன?" என்றார். மறுவாரமே நெஞ்சில் குத்திக்கொள்ளப் பெயர்ப்பட்டி வந்தது. பெயர்ப்பட்டிக்கு ஒரு வாரம் போதுமாயிருந்தது. உட்கார ஒரு கதிரை கேட்டு வருடம் பதினான்காகிறது. வாடிக்கைக்காரர்களுக்குச் சாய்மானக் கதிரை. வேலாயிக்கு முழங்கால் உயரத்தில் ஒரு ஸ்டூல். எல்லார் கையும் அவளுக்கு மேலேயிருந்துதான் வரும்.

அவளுக்கு முகங்கள் நினைவில் நிற்பதில்லை. வாசலில் ஆள் வந்து சிரித்தால் இவள் விழிப்பாள். கையைக் கழுவித் துடைத்து மடியில் போட்டதும், "அட, ராஜவீதி மிஸ்ஸா? நடு வெரல்ல கதவு நசுக்குன வடு இன்னும் போகலியே" என்பாள். நகம் கடிப்பவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. "பசிச்சா சொல்லுங்க, மாலு பனிஸ் வாங்கித் தரச் சொல்றேன், இதத் திங்காதீங்க" என்று பெரிய உத்தியோகத்தர் என்றும் பாராமல் சொல்லிவிடுவாள். அவளுடைய சொந்த விரல்கள் பத்தும் மொட்டை. சதையோடு ஒட்ட வெட்டியிருப்பாள். வேலை செய்கிற கைக்கு நகம் எதற்கு என்பது அவள் கட்சி. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் எலுமிச்சைத் தோலை விரலில் தேய்த்துக்கொள்வாள். தேய்த்தாலும் சோற்றில் கியூடெக்ஸ் நகப்பூச்சைக் கழுவும் மருந்து மணக்கும்.

இப்படி இருந்தவளுக்குப் பரீட்சை ஆசை எப்படி வந்தது என்றால், வாவிக்கு மேலே மலைச்சரிவில் ஒரு பெரிய ஹோட்டல். அதன் மேற்பார்வைக்காரப் பெண் ஒருத்தி சலூனுக்கு வந்து வேலாயியிடம் நகம் வைத்துக்கொண்டு போனாள். போகும்போது படியில் நின்று, எங்களிடம் வருகிறாயா, அடுத்த மாதக் கடைசி வரைக்கும் இடம் வைத்திருக்கிறேன், அரசாங்க சேர்டிபிகட் மட்டும் கட்டாயம் என்றாள். இன்னொன்றையும் சொன்னாள். அங்கே வேலை செய்பவர்கள் சொந்தப் பெயரைத்தான் குத்திக்கொள்ள வேண்டுமாம். வேலாயி அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது அவளுக்கே நினைவில்லை.

பிரியாந்தினியிடம் சொன்னபோது அவர் கணக்குக் கொப்பியிலிருந்து தலையை உயர்த்தவில்லை.

"உமக்கு இந்த வயசில என்னத்துக்குச் சோதினை?"

"சும்மா எடுத்துப் பாக்கலாம்னுதான் மெடம்."

"எடும், எடும். நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை. ஆனா இஞ்சத்தப் பிள்ளையளின்ர கையை மாதிரிக்குக் கேக்கக் கூடாது. அதுகளுக்கு வேலை கிடக்கு."

மாதிரி என்றது ஓர் ஆளை. செய்முறைப் பரீட்சைக்குப் போகிறவர்கள் தாங்களே ஓர் ஆளைக் கூட்டிப் போக வேண்டும். அந்த ஆளின் பத்து நகமும் விரல் நுனியைத் தாண்டி வளர்ந்திருக்க வேண்டும். வெடிப்பு, கறை, பழைய கியூடெக்ஸ் எதுவும் இருக்கக்கூடாது. கேட்பதற்குச் சின்ன விஷயம்தான். ஆனால் வேலாயி தேடத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது, அவள் சொந்தபந்தத்தில் பத்து நகத்தோடு ஒருத்திகூட இல்லை. லயத்தில் இருப்பவர்கள் கொழுந்து பறிக்கிறவர்கள். பல்லேகலைக்குத் தையல் வேலைக்குப் போகிற பெண்கள், துணியில் மாட்டும் என்று வெட்டிவிடுகிறார்கள். மிச்சப் பேர் வீடு கூட்டி, பாத்திரம் கழுவுகிறவர்கள். நகம் வளர்க்கவும் கொஞ்சம் வசதி வேண்டியிருக்கிறது. சலூனுக்கு வருகிற பெரிய வீட்டுப் பெண்களிடம் கேட்கலாமென்றால், கேட்ட வாயை மூடுவதற்குள் பிரியாந்தினி காதுக்குப் போய்விடும்.

கடைசியில் ஒத்துக்கொண்டவர் ரபீகா. அலவத்துகொடையில் கல்யாண உடுப்புத் தைப்பவர். தையல் மெஷினில் இருந்து இருந்து விரல் பிடித்துக்கொள்வதால் மாதம் ஒருதரம் கை பிடித்துவிடச் சொல்லி வருவார். கியூடெக்ஸ் போட மாட்டார். தொழுகைக்குக் கை கழுவும்போது நகத்தில் தண்ணீர் பட வேண்டும். பதினான்கு வருடத்தில் வேலாயியிடம், "இது சலூன் பேருதானே? உம்மா வாப்பா வெச்ச பேரு என்ன?" என்று கேட்ட ஒரே ஆள் அவர்.

"நகம் நா வளத்துத் தாரன் வேலாயி. பரீச்ச முடிஞ்ச கையோட, பகல் லுஹர் தொழுகைக்கி முந்தி கியூடெக்ஸக் கழட்டி உட்டுரணும், சரியா? இன்னொண்டும் ஈக்கிது. நாப்பது நாளக்கி மேல நகம் வெச்சிக்கொண்டு ஈக்க ஏலா. எங்கட மார்க்கத்துல அப்பிடித்தான்."

வேலாயி சந்தோஷத்தில் காலண்டரை எடுத்தாள். ரபீகா வெள்ளிக்கிழமைதோறும் நகம் வெட்டுகிறவர். கடைசியாக வெட்டிய வெள்ளியிலிருந்து எண்ணினால், பரீட்சைத் திங்கட்கிழமை முப்பத்தெட்டாம் நாள். இரண்டு நாள் கையில் மிச்சம். அப்போது அந்த இரண்டு நாளை அவள் பெரிய சொத்துப்போல நினைத்தாள்.

அடுத்த ஐந்து வாரமும் வேலாயி ஆளே வேறு. வாய்மொழிப் பரீட்சையில் தமிழிலும் கேட்பார்கள் என்று விண்ணப்பத்தில் அச்சடித்திருந்தது. தமிழ் தெரிந்த அதிகாரி எந்த மாதம் வருவார் என்று கேட்டதற்குத்தான் யாரிடமும் பதில் இல்லை. காத்திருந்தால் ஹோட்டல் காத்திருக்காது. சிங்களத்தை அவள் சந்தையிலும் பஸ்ஸிலும் கற்றவள். பேச்சில் யாருக்கும் குறைந்தவளில்லை. பரீட்சைச் சிங்களம் வேறு சாதி. அதனால் பதில் முழுவதையும் ஒரு எண்பது பக்கக் கொப்பியில் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டாள். பஸ்ஸில் படித்தாள். அடுப்படியில் படித்தாள். ரபீகாவை வாராவாரம் வரச்சொல்லி, பத்து நகத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நுனியை மட்டும் சீராக்கி, எண்ணெய் தேய்த்து அனுப்பினாள். அந்தக் கையோடு ரபீகா பட்ட பாடும் கொஞ்சமில்லை. மணப்பெண்ணின் மெல்லிய துணியில் நகம் கீறி, ஒரு முழுத் துண்டையே மாற்றிக் கொடுக்க வேண்டி வந்தது. அதை அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

பரீட்சைக்கு முந்திய சனிக்கிழமை தொலைபேசி வந்தது. அதிகாரிக்கு லீவு. திங்கட்கிழமைப் பரீட்சை அடுத்த திங்கட்கிழமைக்கு.

ஏழு நாள் தள்ளிப்போடுவது ஒரு அலுவலகத்துக்கு ஏழு நாள்தான். ஒரு பேனைக் கோடு. வேலாயி விரல்விட்டு எண்ணினாள். நாற்பத்தைந்து. பிறகும் எண்ணினாள்.

புதன்கிழமை நாற்பதாம் நாள். ரபீகா தானாகவே சலூனுக்கு வந்தார். வந்து, கதிரையில் உட்கார்ந்து, கையை நீட்டாமல் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஊட்டுல வெட்டிக்கொள்ள மனசு வரல்ல வேலாயி. நீங்க பாத்து வளத்தது. நீங்களே வெட்டி உட்டுருங்க."

வேலாயி கெஞ்சினாள். முதலில் மெதுவாக, பிறகு கொஞ்சம் சத்தமாக. ஐந்தே நாள் அக்கா, ஐந்தே நாள் என்றாள். ரபீகா தலையைக் குனிந்துகொண்டே, "ஏலா" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு மேல் அவரிடம் எதுவுமில்லை. வேலாயிக்கு வாயில் வரக்கூடாதது வந்தது.

"ஓங்க ஆண்டவன் எனக்காக அஞ்சு நாளு கண்ண மூடிக்கிட்டா கொறஞ்சா போயிருவாரு?"

பேச்சு பக்கத்துக் கதிரைக்கும் கேட்டுவிட்டது. முடி உலர்த்தும் மெஷினை யாரோ நிறுத்தினார்கள். ரபீகா கோபப்படவில்லை. அவர் கண் கலங்கியதைப் பார்க்க வேலாயிக்குத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. நாற்பது நாள் இவளுக்காகத் துணியைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர். யாரைக் கடிக்க வேண்டுமோ அவர்களை விட்டுவிட்டு, கிட்ட இருந்தவரைக் கடித்தாகிவிட்டது. கடிபட வேண்டியவர்கள் லீவில் இருந்தார்கள்.

"மன்னிச்சுக்கங்க அக்கா" என்று சொல்லிவிட்டு வெட்டினாள். பத்து நகத்தையும் ஒரே அளவில், ஒரே வளைவில், பரீட்சைக்கு வெட்டுவதுபோல வெட்டினாள். விழுந்த துண்டுகளை ரபீகா ஒரு கடதாசியில் பொறுக்கி மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். வீட்டில் மண்ணில் புதைப்பதற்கு. போகும்போது வேலாயியின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். படியிறங்கும் சத்தம் அடங்கும்வரை வேலாயி ஸ்டூலை விட்டு எழும்பவில்லை.

பிரியாந்தினி கண்ணாடி வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாத்துக்கும் ஒரு குடுப்பினை வேணும் டிலானி. அடுத்த கஸ்டமரைக் கூப்பிடும்" என்றார்.

மிச்சம் இருந்தது சுப்பம்மா. வேலாயியின் புருஷனுக்கு மூத்த அக்கா, லயத்தில் பக்கத்துக் காம்பராவில் இருப்பவள். முப்பது வருடமாகக் கொழுந்து பறிக்கிறவள். நகம் இருந்தது, ஏதோ பெயருக்கு இருந்தது. வலது பெருவிரல் நகம் நீளத்துக்குப் பிளந்து பிளந்து ஒட்டியது. ஆள்காட்டி விரலில் தேயிலைக் கறை சதைக்குள்ளேயே போய்க் குடியிருந்தது. கேட்டதுமே சுப்பம்மா, "என் கையவா?" என்று சிரித்தாள். பிறகு, "நெசமாவா புள்ள?" என்றாள்.

நான்கு நாள். மாலையில் வேலை விட்டு வந்ததும் சுப்பம்மாவின் கைகளை இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊற வைத்து, எலுமிச்சையும் உப்பும் போட்டுத் தேய்த்து, தேங்காயெண்ணெய் பூசி, துணியில் சுற்றிவிட்டாள். மூன்றாம் நாள் கறை பாதி இறங்கியது. சுப்பம்மா அந்தக் கையை லயம் முழுக்கக் காட்டிக்கொண்டு திரிந்தாள். "பாத்தியா, எங்க வேலாயி தேச்சு தேச்சு தொரைசானி கையாக்கிட்டா" என்றாள். அவள் கையை யாரும் இப்படி மடியில் வைத்துப் பார்த்ததில்லை. கொழுந்து நிறுக்கிறவர்கள் கூடையைப் பார்ப்பார்கள், கையைப் பார்ப்பதில்லை. சனிக்கிழமை பாதி நாள் வேலைக்குக்கூட அவள் பேர் போட்டுக்கொள்ளவில்லை. மலையேறினால் கறை திரும்பிவிடும் என்று பயந்தாள்.

வேலாயிக்குத் தெரியும். கறை இறங்கினாலும் பிளந்த நகம் பிளந்ததுதான். எண்பது பக்கக் கொப்பியை மனப்பாடம் செய்தவளுக்கு இது தெரியாமல் போகுமா? தெரிந்துதான் கூட்டிப் போனாள். பார்க்கிறவர் கொஞ்சம் கண்டுங்காணாமல் விட்டால் போதும் என்று ஒரு நம்பிக்கை. மற்றவர்கள் விஷயத்தில் அப்படி எத்தனை விடுகிறார்கள் என்று அவளுக்குள் ஒரு நியாயமும் இருந்தது.

திங்கட்கிழமை சுப்பம்மா கல்யாணச் சேலை உடுத்தி வந்தாள். பரீட்சை மண்டபத்தில் நீள மேசைகள், எதிரெதிராகக் கதிரைகள். மற்றவர்கள் கூட்டி வந்த மாதிரிகள் எல்லாரும் இருபது வயதுப் பெண்கள். "கறுப்பையா வேலாயி" என்று இரண்டு தரம் கூப்பிட்டார்கள். இரண்டாம் தரம்தான் அது தன்னை என்று அவளுக்கு உறைத்தது. பதினான்கு வருடத்தில் தொழில் விஷயமாக அந்த முழுப்பெயரைச் சத்தமாகக் கேட்டது அதுவே முதல்.

அதிகாரி ஒரு சிங்களப் பெண்மணி. நல்லவர். நல்லவராக இருந்ததுதான் கோபத்தை வைக்கக்கூட ஓர் இடமில்லாமல் செய்துவிட்டது. வேலாயி கருவிகளை வைத்த ஒழுங்கைப் பார்த்துத் தலையசைத்தார். மடித்த துவாயைப் பார்த்துச் சிரித்தார். பிறகு சுப்பம்மாவின் வலது கையைத் தூக்கி, பெருவிரலை வெளிச்சத்துக்குத் திருப்பி, சற்று நேரம் பார்த்தார். கையை மேசையில் வைத்துவிட்டுச் சிங்களத்தில் ஆறுதலாகக் கேட்டார்:

"எப்படிப்பட்ட நகங்களுக்குச் சேவை செய்யக்கூடாது?"

வேலாயிக்கு இந்தப் பதில் தூக்கத்திலும் வரும். அவள் நிறுத்த நினைப்பதற்குள் வாய் தொடங்கிவிட்டது. வெடித்த நகம், சதையை விட்டுக் கிளம்பிய நகம், நிறம் மாறிய நகம், பக்கத்துத் தோலில் காயமுள்ள நகம். ஓர் எழுத்துப் பிசகவில்லை. அதிகாரி சரி போட்டார்.

"அப்படியானால் இந்தக் கைக்கு?"

வேலாயி மடித்த துவாயை இன்னும் ஒரு மடிப்பு மடித்தாள்.

"நீங்கள் வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வீர்கள் என்பதற்கும் புள்ளி இருக்கிறது."

சுப்பம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். வத்தேகமச் சந்தையில் சிங்களத்தில் பேரம் பேசிப் பழகியவள் அவள், சொல்வது விளங்கும். வேலாயி அவள் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்தே சொன்னாள், கொப்பியில் எழுதியிருந்தபடியே, மரியாதையான பரீட்சைச் சிங்களத்தில்: மன்னிக்க வேண்டும், உங்களுடைய நகங்கள் சேவைக்கு ஏற்ற நிலையில் இல்லை, வைத்தியரைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

வாய்மொழிக்கு முழுப் புள்ளி. செய்முறைக்கு, தகுந்த மாதிரி இல்லாததால், அடுத்த தவணை. அடுத்த தவணை ஆறு மாதத்துக்குப் பிறகு. ஹோட்டல் சொன்ன மாதக் கடைசிக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. அதிகாரி எழுந்து வந்து, "நீங்கள் நன்றாகச் செய்வீர்கள் என்று தெரிகிறது" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். வேலாயி ஒரு தரமும் தொடாத அரங்களைத் துடைத்துப் பையில் போட்டாள். துடைக்கத் தேவையில்லை, கை தானாகத் துடைத்தது.

பஸ் நிலையத்துக்கு நடந்து வந்தார்கள். வத்தேகம பஸ்ஸில் ஏறும்போது சுப்பம்மா கேட்டாள்.

"பாஸா புள்ள?"

"வாயால கேட்டது பாஸ் மதினி."

"அப்ப நல்லது" என்றாள் சுப்பம்மா.

பஸ்ஸில் இருக்க இடமில்லை. வேலாயி மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுப்பம்மா இரண்டு கையையும் கல்யாணச் சேலையின் தலைப்புக்குள் சுருட்டி, வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றாள். சில்லறை தலைப்பு முடிச்சில்தான் இருந்தது. கொண்டக்டர் வந்து நின்றபோதும் அவள் முடிச்சை அவிழ்க்கவில்லை. வேலாயியே இரண்டு பேருக்கும் கொடுத்தாள்.

"மதினி, கம்பியப் புடிச்சுக்கங்க. விழுந்துருவீங்க."

"பரவால்ல."

மடவளைக்கு முந்திய வளைவில் பஸ் சாய்ந்தது. சுப்பம்மா ஒருபக்கமாகப் போய் ஆசனத்தின் இரும்பில் இடுப்பை மோதிக்கொண்டாள். வலித்திருக்க வேண்டும், முகம் சுளித்து நிமிர்ந்தாள். ஜன்னலோரம் இருந்த ஒரு பெண் பதறிப்போய், பிடித்துக்கொள்ளத் தன் கையை நீட்டினாள். சுப்பம்மா அந்தக் கையைப் பார்த்தாள். அடுத்த வளைவில் மறுபடியும் மோதினாள். கையை வெளியே எடுக்கவில்லை.